வால்ட்டர் கெம்ப்னர்

வால்ட்டர் கெம்ப்னர் (ஜனவரி 25, 1903 – செப்டம்பர் 27, 1997) ஜெர்மனியில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த மருத்துவரும் மருத்துவ ஆய்வாளரும் ஆவார். சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை ஆகியவற்றை மட்டுமே கொண்ட அரிசி உணவுமுறையை 1939 ஆம் ஆண்டில் வகுத்தவர். முதலில் சிறுநீரக நோய்க்கும் கடும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் பயன்பட்ட இம்முறையைப் பின்னர் நீரிழிவுக்கும், அதன் பின்னர் மிகைப் பருமனுக்கும் அவர் விரிவுபடுத்தினார். அறுவைச் சிகிச்சையோ மருந்தோ இன்றி, மருத்துவமனையில் தங்காமலேயே, குறைந்தது 45 கிலோகிராம் எடை இழந்த 106 பேரைப் பற்றி அவரும் அவருடைய குழுவினரும் 1975 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்துறையில் பெரிதும் அறியப்பட்டதாகும். நோயாளிகளிடம் அவர் நடந்துகொண்ட முறை அவருடைய இறுதி ஆண்டுகளில் நீதிமன்றம் வரை சென்றது.

சோற்றைக் குறைத்தால் எடை குறையும் என்று கேட்டுப் பழகிய தமிழ் வாசகருக்கு, சோற்றாலேயே பருமனைக் குறைக்க முயன்ற ஒருவரின் வரலாறு வியப்பாக இருக்கலாம். அதன் விளக்கம் கீழே தரப்பட்டுள்ளது.

குடும்பமும் இளமையும்

கெம்ப்னர் பெர்லினில் மருத்துவக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையின் பெயரும் வால்ட்டர் கெம்ப்னர், அவரும் மருத்துவர். தாயார் லிடியா ரபினோவிச் கெம்ப்னர், அன்று உருசியப் பேரரசில் இருந்த, இன்று லித்துவேனியாவைச் சேர்ந்த கவுனாஸ் நகரில் பிறந்த நுண்ணுயிரியலாளர். காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக்குடன் பணியாற்றியவர். பெர்லினில் விற்கப்பட்ட பாலிலும் வெண்ணெயிலும் காசநோய்க் கிருமி உள்ளதா என ஆராய்ந்து பெயர் பெற்றார். 1912 இல் பேராசிரியர் பட்டம் பெற்றபோது, பெர்லினில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. காசநோயை ஆராய்ந்த அக்குடும்பத்தையும் காசநோய் விடவில்லை. தந்தை 1920 இலும் சகோதரி 1932 இலும் அந்நோயால் இறந்தனர்.

மூத்த சகோதரர் ராபர்ட் கெம்ப்னர் வழக்கறிஞர். நாட்சி ஆட்சியில் பதவி இழந்து நாடு நீங்கிய அவர், போருக்குப் பின் நியூரம்பெர்க் விசாரணைகளில் அரசுத் தரப்பு வழக்கறிஞர்களுள் ஒருவராகத் திரும்பினார். யூதர்களை அழிக்கும் திட்டம் பேசப்பட்ட வான்சே கூட்டத்தின் குறிப்பேடு 1947 இல் அவருடைய அலுவலகத்தினரால் கண்டெடுக்கப்பட்டது. ஜெர்மானிய வரலாற்று நூல்களில் வால்ட்டரை விட ராபர்ட்டின் பெயரே மிகுதியாகக் காணப்படுகிறது.

வால்ட்டர் ஹைடல்பெர்க்கில் மருத்துவம் பயின்றார். பின்னர் பெர்லினில் கைசர் வில்லெம் நிறுவனத்தில் ஓட்டோ வார்பர்க்கிடம் ஆய்வு செய்தார். உயிரணுக்கள் உயிர்வளியைப் பயன்படுத்தும் விதத்தை ஆராய்ந்த வார்பர்க் 1931 இல் நோபல் பரிசு பெற்றார். உயிரணுவின் மூச்சை அளவிடும் கலையை கெம்ப்னர் அங்கு கற்றார். கவிஞர் ஸ்டெஃபான் ஜார்ஜின் நட்பு வட்டத்துடனும் அவருக்கு நெருக்கம் உண்டு.

1933 இல் நாட்சிகள் ஆட்சிக்கு வந்தபின் யூத வழியினரான இக்குடும்பத்தினரின் பணிகள் ஒவ்வொன்றாகப் பறிபோயின. தாயாரும் தம் ஆய்வகப் பதவியை இழந்து 1935 இல் பெர்லினில் காலமானார்.

டர்ஹாமில் பணி

வட கரொலைனா மாநிலத்தின் டர்ஹாம் நகரில் டியூக் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் 1930 இல்தான் திறக்கப்பட்டிருந்தன. அங்கு மருத்துவத் துறைத் தலைவராக இருந்த ஃபிரெடெரிக் ஹேன்ஸ், உயிரணு உடலியலில் தேர்ந்த ஒருவரைத் தேடி, 1934 இல் கெம்ப்னரை வரவழைத்தார். அப்போது கெம்ப்னருக்கு வயது 31. அதன் பின் அவர் வாழ்நாள் முழுவதும் டர்ஹாமிலேயே இருந்தார்.

நோயாளிகளுக்கு முன் அவருடைய கவனம் சிறுநீரகத் திசுவின் மீதே இருந்தது. உயிர்வளி குறைந்த நிலையில் சிறுநீரக உயிரணுக்கள் புரதத்தின் சிதைவுப் பொருட்களைச் சரியாகக் கையாள இயலாமல் போவதை ஆய்வகத்தில் கண்டார். நலிந்த சிறுநீரகத்தின் சுமையைக் குறைக்க வேண்டுமானால், உணவில் புரதத்தையும் உப்பையும் உடல் தாங்கும் கடைசி எல்லை வரை குறைக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அரிசி உணவுமுறை இக்கருத்திலிருந்தே பிறந்தது. அரிசியை உண்ணும் மக்களிடையே உயர் இரத்த அழுத்தம் குறைவு என்று அக்காலத்தில் நிலவிய எண்ணமும் அரிசியைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

உணவுமுறையின் அமைப்பு

நாளொன்றுக்கு 250 முதல் 350 கிராம் வரையிலான அரிசி, உப்பும் பாலும் கொழுப்பும் சேராமல் வேகவைக்கப்பட்டது. அதனுடன் பழங்கள், பழச்சாறு, சர்க்கரை ஆகியன தரப்பட்டன. உயிர்ச்சத்தும் இரும்புச்சத்தும் மாத்திரைகளாகக் கொடுக்கப்பட்டன. மொத்தம் சுமார் 2,000 கலோரி. புரதம் 20 கிராம் அளவிலும், கொழுப்பு 5 கிராம் அளவிலும், சோடியம் 150 மில்லிகிராம் அளவிலும் நின்றன. ஒரு தேக்கரண்டி உப்பில் ஏறத்தாழ 2,000 மில்லிகிராமுக்கும் மேல் சோடியம் உள்ளது என்பதை எண்ணினால் இக்கட்டுப்பாட்டின் கடுமை விளங்கும்.

அரிசியின் அளவு தமிழ்நாட்டவருக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் நாள் முழுதும் தறியில் அமர்பவரோ, அருகே வயலில் இறங்குபவரோ அவ்வளவு அரிசியை எளிதாக உண்பர். ஆனால் குழம்பு இல்லை, மோர் இல்லை, ஊறுகாய் இல்லை, ஒரு கல் உப்பும் இல்லை. உப்பில்லாப் பண்டத்தைக் குப்பைக்கு அனுப்பும் நம் ஊரில் இச்சோறு இரண்டு நாள் கூட இலையில் நில்லாது. இது இனிய உணவன்று என்பதைக் கெம்ப்னரும் மறைக்கவில்லை.

கெம்ப்னர் அரிசியை மருந்தாக்கிய காலத்துக்குச் சற்று முன்னர், நீலகிரியில் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகம் நேர் எதிரான முடிவை அறிவித்திருந்தது. அதன் இயக்குநராக 1935 வரை இருந்த ராபர்ட் மக்கரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை கடைசி நிலையில் நின்றன. இரு முடிவுகளும் மோதுவன போலத் தோன்றினாலும் கேள்விகள் வெவ்வேறானவை. மக்கரிசன் கேட்டது, வளரும் உடலுக்கு எது போதாது என்பது. கெம்ப்னர் கேட்டது, நோயுற்ற உடலிலிருந்து எதை விலக்கலாம் என்பது. அரிசியில் இல்லாதவற்றுக்காகவே கெம்ப்னர் அரிசியை விரும்பினார் எனலாம்.

1942 ஆம் ஆண்டு நிகழ்வு

தொடக்கத்தில் நோயாளிகளைச் சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ மட்டும் இவ்வுணவில் வைப்பதே கெம்ப்னரின் வழக்கம். புரதம் இவ்வளவு குறைந்த உணவில் நீண்ட நாள் இருப்பது கேடு எனக் கருதப்பட்டது. 1942 இல், கடும் சிறுநீரக நோயும் உயர் இரத்த அழுத்தமும் கொண்ட, வட கரொலைனாவைச் சேர்ந்த 33 வயதுப் பெண் ஒருவரை இரண்டு வாரம் கழித்து வருமாறு சொல்லி அனுப்பினார். கெம்ப்னரின் ஆங்கிலத்தில் ஜெர்மானிய ஒலி மிகுதி. அதனால் அவர் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்ட அப்பெண், இரண்டு மாதம் சோறும் பழமும் மட்டுமே உண்டு திரும்பி வந்தார் என்று கூறப்படுகிறது. அவருடைய உடல் நலியவில்லை. இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது; விழித்திரையிலிருந்த இரத்தக்கசிவு மறைந்திருந்தது; விரிந்திருந்த இதயம் சுருங்கியிருந்தது. அதன் பின் கெம்ப்னர் நோயாளிகளை மாதக் கணக்கில் இவ்வுணவில் வைக்கத் தொடங்கினார்.

அக்காலத்தில் முற்றிய உயர் இரத்த அழுத்தத்துக்குப் பயனுள்ள மருந்து கிடையாது. விழித்திரை வீங்கும் நிலையை எட்டியோரில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்தனர். முதுகெலும்பை ஒட்டிய நரம்புகளை வெட்டும் பெரிய அறுவை ஒன்றே சிலருக்கு வழியாக இருந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூசவெல்ட் 1945 ஏப்ரலில் மூளை இரத்தக்கசிவால் இறந்தபோது அவருடைய இரத்த அழுத்தம் 300/190 ஆக இருந்தது.

500 நோயாளிகளும் ஐயங்களும்

1944 இல் சிகாகோவில் நடந்த அமெரிக்க மருத்துவச் சங்கக் கூட்டத்தில் கெம்ப்னர் தம் முடிவுகளை அறிவித்தார். உணவுக்கு முன்னும் பின்னும் எடுத்த விழித்திரைப் படங்களையும் மார்பு ஊடுகதிர்ப் படங்களையும் அடுத்தடுத்துக் காட்டினார். அதுவரை மீளாதவை என்று கருதப்பட்ட மாற்றங்கள் மீண்டிருந்ததை நம்ப மறுத்தோர் அவையில் இருந்தனர். 1948 இல் 500 நோயாளிகளைப் பற்றிய விரிவான கட்டுரை வெளிவந்தது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தெளிவான முன்னேற்றம் அடைந்திருந்தனர்.

எழுந்த எதிர்ப்புகளுள் முதன்மையானது, ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதாகும். ஒரே வகை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அரிசி உணவும் மறு பாதிக்கு வழக்கமான உணவும் கொடுத்து அவர் ஒப்பிடவில்லை. உறுதியாக இறக்கவிருப்போரிடம் உணவை மறுப்பது தகாது என்றும், ஒவ்வொரு நோயாளியின் முந்தைய நிலையே அவருக்கு ஒப்பீடு என்றும் கெம்ப்னர் கருதினார். 1944 இல் இது மிகத் தவறான வாதம் என்று கூற இயலாது. குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்திய புகழ் பெற்ற ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வின் முடிவுகள் பிரித்தானியாவில் 1948 இல்தான் வெளிவந்தன. ஆனால் அடுத்த பத்தாண்டில் நிலை மாறியது. சென்னையில் 1956 இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை நல்லுணவும் ஓய்வும் உள்ள மருத்துவமனையிலும் மறு பகுதியினரை நெருக்கடியான தம் வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே அளவு குணமடைந்தனர் என 1959 இல் அறிவித்தது. நல்லுணவு காசநோயாளிக்கு இன்றியமையாதது என்ற பழைய நம்பிக்கையை அந்த ஒரே ஒப்பீடு அசைத்தது. கெம்ப்னர் அத்தகைய ஆய்வை எக்காலத்தும் நடத்தவில்லை.

அரிசி உணவில் வேலை செய்தது எது என்ற கேள்விக்குப் பிறரே விடை தேடினர். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல் 1950 இல் வெளியிட்ட ஆய்வு, சோடியக் குறைவே இரத்த அழுத்தத்தைக் குறைத்தது எனக் காட்டியது. உப்பைக் குறைத்தால் அழுத்தம் குறையும் என்பதை 1904 இலேயே பிரான்சில் அம்பார், போஜார் ஆகிய இருவர் எழுதியிருந்தனர். புரதம் பற்றிய கெம்ப்னரின் கோட்பாடு பின்தங்க, உணவு மட்டும் நிலைத்தது.

மருந்துகளின் வருகை

அரிசி உணவின் முதல் புகழ்க் காலம் 1950களில் முடிவுக்கு வந்தது. இதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் சர்ப்பகந்தி வேரைக் கொண்டு உயர் இரத்த அழுத்தத்துக்கு அளித்த சிகிச்சையை 1949 இல் பிரித்தானிய இதழொன்றில் வெளியிட்டார். அவ்வேரிலிருந்து 1952 இல் ரெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. 1958 இல் குளோரோதயசைடு என்னும் சிறுநீர்ப்பெருக்கி விற்பனைக்கு வந்தது. உப்பை வாயில் தடுக்கும் வேலையை மாத்திரை சிறுநீரகத்தில் செய்துவிட்டதால், உப்பில்லாச் சோற்றை விரும்பி உண்பார் குறைந்தனர்.

கெம்ப்னர் வேறு நோய்களின் பக்கம் திரும்பினார். இரத்தக்குழாய் நோயுடன் கூடிய நீரிழிவு கொண்ட 100 பேரைப் பற்றி 1958 இல் அவர் குழு எழுதியது. சோறும் சர்க்கரையும் நிறைந்த இவ்வுணவில் நீரிழிவு முற்றும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆயினும் பலருக்கு இன்சுலின் தேவை குறைந்தது.

மிகைப் பருமன் ஆய்வு

அரிசி உணவில் இருந்தோர் எடை இழப்பதை கெம்ப்னர் தொடக்கம் முதலே கண்டிருந்தார். கலோரியைக் குறைத்து, உடற்பயிற்சியையும் நாள்தோறும் கண்காணிப்பையும் சேர்த்து, எடைக் குறைப்புக்கெனவே அதை மாற்றியமைத்தார். டர்ஹாமுக்குப் பிற மாநிலங்களிலிருந்து மிகப் பருத்த உடலினர் வரத் தொடங்கினர்.

அவர்களுக்கு அன்று இருந்த பிற வழிகளை அறிந்தால்தான் இம்முயற்சியின் பொருள் விளங்கும். 1930களில் டைநைட்ரோபீனால் என்னும் வேதிப்பொருள் எடைக் குறைப்பு மருந்தாகப் பரவி, கண்புரையையும் உயிரிழப்பையும் விளைவித்து 1938 அளவில் விலக்கப்பட்டது. பின்னர் ஆம்பெட்டமைன் மாத்திரைகள் வந்தன. அவை பழக்கத்துக்கு அடிமையாக்கின. 1959 முதல் சில மருத்துவர்கள் முழுப் பட்டினியை ஆராய்ந்தனர். ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் ஒருவர் மருத்துவக் கண்காணிப்பில் 382 நாட்கள் உண்ணாமல் இருந்து 1966 இல் முடித்தார். வேறு இடங்களில் நீண்ட பட்டினியின்போது இறந்தோரும் உண்டு. அறுவை மருத்துவர்கள் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாதவாறு இணைத்தனர். எடை குறைந்தது, ஆனால் கல்லீரல் செயலிழப்பும் சிறுநீரகக் கற்களும் பின்தொடர்ந்தன. எட்வர்ட் மேசன் 1966 இல் அயோவாவில் தொடங்கிய இரைப்பை மாற்றுவழி அறுவை அப்போது இளம் நிலையிலேயே இருந்தது.

இச்சூழலில் 1975 ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்தது. கெம்ப்னருடன் பார்பரா நியூபோர்க் உள்ளிட்ட மூவர் அதன் ஆசிரியர்கள். குறைந்தது 45 கிலோகிராம் இழந்த 106 பேரின் பதிவுகள் அதில் ஆராயப்பட்டன. சராசரி எடை இழப்பு 63.9 கிலோகிராம், அதாவது முழு வளர்ச்சியுற்ற ஓர் ஆளின் எடை. 43 பேர் இயல்பான எடையை எட்டினர். அனைவரும் வெளிநோயாளிகளாகவே சிகிச்சை பெற்றனர். இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் எடையுடன் சேர்ந்து இறங்கின. மிகைப் பருமன் மீளா நிலை அன்று என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய கட்டுரைகள் அன்று மிகக் குறைவு.

ஆயினும் இவ்வெண்களைப் படிக்கும்போது கவனம் தேவை. 45 கிலோகிராம் இழந்தவர்களே ஆய்வில் சேர்க்கப்பட்டனர். வென்றவர்களை மட்டும் எண்ணினால் வெற்றி விகிதம் கிடைக்காது. 100 பேர் இத்திட்டத்தில் சேர்ந்தால் எத்தனை பேர் இந்நிலையை அடைவர், எத்தனை பேர் முதல் வாரத்திலேயே ஊர் திரும்புவர் என்பதை 106 என்ற எண் சொல்லாது. மாதக் கணக்கில் வேலையை விட்டு டர்ஹாமில் தங்க வசதி உள்ளவரே வந்தனர் என்பதும் கருதத்தக்கது. எடையைக் குறைத்தது சோறா, குறைந்த கலோரியா, அன்றாடக் கண்காணிப்பா என்பதையும் இக்கட்டுரை பிரித்துக் காட்டவில்லை. எந்த உணவாயினும் கலோரி இவ்வளவு குறைந்தால் எடை குறையும். உப்பும் கொழுப்பும் அற்ற ஒரே வகை உணவு விரைவில் சலிப்பூட்டும். அச்சலிப்பும் உண்ணும் அளவைக் குறைத்திருக்கும்.

இங்கு தமிழ்நாட்டின் நிலையை ஒப்பிடலாம். சென்னையில் 2000களில் நடந்த ஆய்வுகள், தீட்டிய வெள்ளை அரிசியை மிகுதியாக உண்போரிடம் இரண்டாம் வகை நீரிழிவு கூடுதலாக இருப்பதைக் காட்டின. சென்னையை மையமாகக் கொண்டு நாடெங்கும் நடந்து 2023 இல் வெளிவந்த ஆய்வு, இந்தியாவில் வயது வந்தோரில் 28.6 விழுக்காட்டினர் பருமனுடையவர் எனக் கணித்தது. இம்முடிவுகளுக்கும் கெம்ப்னரின் முடிவுகளுக்கும் முரண் இல்லை. அவருடைய நோயாளிகள் சோற்றை எண்ணெய், தேங்காய், பலகாரம் ஆகியவற்றுடன் சேர்த்து உண்ணவில்லை. தேவைக்குக் குறைவாகவே உண்டனர். அரிசி உணவைத் தாமே வீட்டில் மேற்கொள்ளலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. சோடியமும் புரதமும் இந்த அளவுக்குக் குறைந்த உணவு, நீரிழிவு மருந்தோ இரத்த அழுத்த மருந்தோ உட்கொள்வோருக்குத் தீங்காகலாம். கெம்ப்னரே அடிக்கடி இரத்தமும் சிறுநீரும் சோதிக்காமல் எவரையும் இதில் வைத்ததில்லை.

அரிசி இல்லங்கள்

நோயாளிகள் டர்ஹாமில் விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் தங்கி, அரிசி இல்லம் எனப்பட்ட உணவகங்களில் கூடி உண்டனர். நாள்தோறும் எடை பார்க்கப்பட்டது. சிறுநீரில் உப்பின் அளவு சோதிக்கப்பட்டதால், ஊருக்குள் சென்று மறைவாக எதையேனும் உண்டவர் மறுநாள் பிடிபட்டார். திரைப்பட நடிகர்களும் செல்வந்தர்களும் வந்தனர். பிற எடைக் குறைப்பு நிலையங்களும் அருகில் தோன்ற, உலகின் உணவுக் கட்டுப்பாட்டுத் தலைநகர் என்று டர்ஹாம் அழைக்கப்படலாயிற்று.

கெம்ப்னரின் சொல்லே இங்கு சட்டம். கனிவான மருத்துவர் என்று அவரைப் போற்றியோரும், அவருடைய கடுமையால் உயிர் பிழைத்ததாகக் கூறியோரும் பலர். மருத்துவரின் ஆணைக்கு முழுமையாகப் பணிவதே சிகிச்சையின் உயிர்நாடி என்று அவர் நம்பினார். பிற இடங்களில் கேலியையும் கைவிடலையும் சந்தித்து வந்தவர்களுக்கு, தம் உடலை மீட்க முடியும் என்று உறுதி கூறிய ஒருவரின் சொல்லை மீறுவது எளிதாக இருந்திராது.

வழக்கு

1993 இல் முன்னாள் நோயாளி ஒருவர் கெம்ப்னர் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடர்ந்தார். கெம்ப்னர் தம்மைப் பல ஆண்டுகள் தம் பிடியில் வைத்துத் தவறாகப் பயன்படுத்தினார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. உணவு விதியை மீறிய நோயாளிகள் சிலரைச் சாட்டையால் அடித்ததைக் கெம்ப்னர் ஒப்புக்கொண்டதாகவும், அது அவர்களைத் திருத்துவதற்கே என அவர் தரப்பில் கூறப்பட்டதாகவும் செய்திகள் வெளிவந்தன.

இதைச் சிலர் பெரிய மருத்துவர் ஒருவரின் சொந்த வாழ்க்கைக் குறையாக ஒதுக்குகின்றனர். அது ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை. 1975 ஆம் ஆண்டுக் கட்டுரை எடைக் குறைப்புக்குக் காரணமாக உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றுடன் ஊக்கமூட்டலையும் கண்காணிப்பையும் குறிப்பிடுகிறது. நோயாளிகளுள் சிலரிடமேனும் அந்த ஊக்கமூட்டல் அடியாக இருந்ததென்றால், அது ஆய்வு முறையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. கட்டுரையைப் படித்து அதே உணவைத் தம் நோயாளிகளுக்கு அளிக்க விரும்பும் வேறொரு மருத்துவருக்கு இச்செய்தி தெரிய வழியில்லை. நோயாளியின் ஒப்புதல் இருந்தது என்னும் விளக்கமும் நிறைவு தருவதன்று. தம் உயிர் ஒருவர் கையில் உள்ளது என்று நம்புபவர் அளிக்கும் ஒப்புதல் எத்தகையது என்பது, மனிதர் மீதான ஆய்வு நெறிகளில் நீண்ட காலமாகப் பேசப்பட்டு வரும் கேள்வியாகும். அந்நெறிகளின் தொடக்க ஆவணம் 1947 இல் நாட்சி மருத்துவர்களுக்கு எதிரான தீர்ப்பில், கெம்ப்னரின் சகோதரர் பணியாற்றிய அதே நியூரம்பெர்க்கில் எழுதப்பட்டது.

இறுதிக் காலம்

கெம்ப்னர் 1992 இல், ஏறத்தாழ 90 வயதில், பணியிலிருந்து விலகினார். 1997 செப்டம்பர் 27 அன்று டர்ஹாமில் தம் 94 ஆம் வயதில் காலமானார். அரிசி உணவுத் திட்டம் அவருக்குப் பின் மென்மையாக்கப்பட்டு, காய்கறியும் பயறும் சேர்க்கப்பட்டு, பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து சில ஆண்டுகள் நடந்து மூடப்பட்டது.

மிகைப் பருமனுக்கான சிகிச்சை அவர் சென்ற வழியில் செல்லவில்லை. ஸ்வீடனில் 1987 இல் தொடங்கிய நீண்ட கால ஆய்வு, அறுவை செய்துகொண்டோரைச் செய்துகொள்ளாதோருடன் ஒப்பிட்டு, அறுவை ஆயுளைக் கூட்டுவதைக் காட்டியது. 2021 இல் செமாகுளூட்டைடு என்னும் ஊசி மருந்து எடைக் குறைப்புக்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்கு ஆதாரமான ஆய்வுகளில் நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதியினருக்கு வெறும் ஊசி போடப்பட்டது.

உயர் இரத்த அழுத்தத்துக்கான உணவு ஆய்வோ அவருடைய ஊருக்கே திரும்பியது. பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால் ஆகியவை நிறைந்த உணவு இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறதா என அறிய, 459 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்து, அவர்களுக்கான உணவு முழுவதையும் சமைத்துக் கொடுத்து ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. டாஷ் என்று சுருக்கமாக வழங்கும் அந்த ஆய்வின் மையங்களுள் டியூக் பல்கலைக்கழகமும் ஒன்று. அதன் முடிவுகள், கெம்ப்னர் மறைவதற்கு ஐந்து மாதம் முன்னர், 1997 ஏப்ரலில் வெளிவந்தன.